அத்தியாயம் 6: வேலை மாறினாலும் பி.எஃப். உடையக் கூடாது

“முதலீடெல்லாம் இனிமேல்தான் ஆரம்பிக்கணும்” என்று சொல்லும் சம்பளக்காரர்கள் பலர் உண்மையில் ஏற்கெனவே முதலீட்டாளர்கள். வேலையில் சேர்ந்த முதல் மாதமே சம்பளச் சீட்டில் ‘பி.எஃப்.’ என்று ஒரு பிடித்தம் விழுந்திருக்கும். கைக்கு வராத பணம் என்பதால் அது மனக்கணக்கிலும் வருவதில்லை.

அது நினைவுக்கு வருவது வேலை மாறும் மாதத்தில்தான். பழைய நிறுவனம் ‘ஃபைனல் செட்டில்மெண்ட்’ முடியும்வரை கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைத்திருக்கும். புதிய இடத்தில் முதல் சம்பளம் வர ஒரு மாதமாவது ஆகும். நடுவில் வீட்டு வாடகை, வண்டி இ.எம்.ஐ., ஊரில் ஒரு விசேஷம். அப்போது நண்பர் யாராவது சொல்வார்: “பி.எஃப்-ல பணம் சும்மாதானே கிடக்கு, எடுத்துக்க வேண்டியதுதானே?”

அது சும்மா கிடக்கும் பணம் அல்ல. பெரும்பாலான சம்பளக்காரர்களுக்கு 30 ஆண்டுக்கு மேல் ஓடக்கூடிய ஒரே முதலீடு அதுதான். அதை உடைக்காமல் ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குக் கொண்டுபோவது எப்படி, அதைச் சுற்றி மற்ற முதலீடுகளை அமைப்பது எப்படி என்பதே இந்த அத்தியாயம்.

பிடித்த பணம் எங்கே போகிறது?

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952-இல் வந்தது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதத்தை உங்களிடம் பிடிக்கிறார்கள். நிறுவனமும் தன் பங்காக 12 சதவீதம் போடுகிறது. உங்கள் பங்கு முழுவதும் பி.எஃப். கணக்குக்குப் போகும். நிறுவனத்தின் பங்கு மட்டும் இரண்டாகப் பிரியும்: 8.33 சதவீதம் பென்ஷன் திட்டத்துக்கு, மீதி பி.எஃப்-க்கு. பென்ஷனுக்குப் போகும் தொகை மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்ற உச்சவரம்பை வைத்துக் கணக்கிடப்படுவதால் 1,250 ரூபாயைத் தாண்டாது.

இதில் ஒரு விலக்கு உண்டு. 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதன்முதலாகப் பி.எஃப்-இல் சேர்ந்து, அப்போதே அடிப்படைச் சம்பளம் 15,000-க்கு மேல் இருந்தவர்கள் பென்ஷன் திட்டத்தில் இல்லை. அவர்களுக்கு நிறுவனத்தின் 12 சதவீதமும் அப்படியே பி.எஃப்-இல் சேரும்.

வட்டியை ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கிறார்கள். 2023-24, 2024-25 ஆகிய இரண்டு நிதியாண்டுகளுக்கும் 8.25 சதவீதம். இது நிரந்தர விகிதம் அல்ல. 1990-களில் 12 சதவீதம் தந்த அதே நிதி, 2021-22-இல் 8.1 சதவீதம்தான் தந்தது. எனவே எதிர்காலக் கணக்குப் போடும்போது அன்றைய விகிதத்தைவிடச் சற்றுக் குறைத்தே போடுங்கள்.

உடைத்தால் என்ன போகும்?

ஓர் உதாரணம். ஒருவர் 23 வயதில் வேலைக்குச் சேர்கிறார். அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபாய். அவருடைய பங்கு 3,600, நிறுவனத்தின் பங்கு 3,600, ஆக மாதம் 7,200 ரூபாய் பி.எஃப்-இல் சேர்கிறது. சம்பள உயர்வைக் கணக்கில் எடுக்காவிட்டாலும் நான்கு ஆண்டில் வட்டியோடு ஏறத்தாழ 4 லட்சம் ஆகிவிடும். 27 வயதில் வேறு வேலைக்குப் போகிறார்.

அந்த 4 லட்சத்தை எடுத்தால் முதல் வெட்டு வருமான வரி. தொடர்ந்து ஐந்து ஆண்டு பணிக்காலம் முடியும் முன் எடுத்தால் நிறுவனத்தின் பங்குக்கும் அதன் வட்டிக்கும் சம்பள வருமானம்போல வரி உண்டு. உங்கள் பங்குக்கான வட்டிக்கும் வரி உண்டு. தொகை 50,000 ரூபாய்க்கு மேல் போனால், பான் எண் இருந்தாலும் 10 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். இந்த ஐந்து ஆண்டை ஒரே நிறுவனத்தில் முடிக்கவேண்டும் என்பதில்லை. பணத்தைப் புதிய கணக்குக்கு மாற்றிவிட்டால் இரண்டு நிறுவனப் பணிக்காலத்தையும் சேர்த்தே எண்ணுவார்கள். நான்கு ஆண்டில் எடுத்தவர் வரி கட்டுவார். மாற்றியவர் இன்னும் ஓராண்டில் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவார்.

இரண்டாவது வெட்டு பெரிது. அந்த 4 லட்சத்தை எடுக்காமல் 58 வயதுவரை, அதாவது 31 ஆண்டுகள் விட்டுவைத்தால், 8 சதவீத வட்டியில் அது சுமார் 43 லட்சம் ஆகும். 27 வயதில் பைக்கோ போனோ வாங்கச் செலவானது அந்த 43 லட்சம்.

இந்தக் கணக்கைப் பாதியில் நிறுத்துவது நேர்மை ஆகாது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், 31 ஆண்டு கழித்துக் கிடைக்கும் 43 லட்சத்தின் மதிப்பு இன்றைய விலையில் சுமார் 7 லட்சம்தான். 4 லட்சம் 7 லட்சமாகிறது. மோசமில்லை, ஆனால் மலைக்கும்படியும் இல்லை. பி.எஃப். உங்கள் பணத்தைக் காக்கும், கொஞ்சம் வளர்க்கும். அதுமட்டுமே ஓய்வுக்காலத்தைத் தாங்காது. அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். அதைப் பின்னால் பார்ப்போம்.

எடுக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை, பழைய கணக்கிலேயே கிடக்கட்டும் என்று விடுவோரும் உண்டு. வட்டி சேரும். ஆனால் வேலையை விட்ட நாளுக்குப் பிறகு அந்தக் கணக்கில் சேரும் வட்டிக்கு வரி உண்டு. சோம்பலுக்கும் விலை இருக்கிறது.

பென்ஷன் ஆண்டுகள் அழிந்துபோகலாம்

பென்ஷன் திட்டத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். மாத ஓய்வூதியம் கிடைக்க மொத்தம் 10 ஆண்டு பணிக்காலம் தேவை. வேலை மாறும்போது படிவம் 10சி போட்டுப் பென்ஷன் பணத்தையும் எடுத்துவிட்டால் அதுவரை ஓடிய ஆண்டுகள் அழிந்து, அடுத்த வேலையில் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மூன்று வேலைகளில் நான்கு நான்கு ஆண்டு உழைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் எடுத்தவருக்கு 12 ஆண்டு அனுபவம் இருக்கும். பென்ஷன் உரிமை இருக்காது.

கிடைக்கும் தொகை பெரிதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சராசரிச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பதுதான் கணக்கு. 15,000 உச்சவரம்பில் 10 ஆண்டுக்கு மாதம் 2,143 ரூபாய். 20 ஆண்டு முடித்தால் 2 ஆண்டு போனஸாகச் சேர்த்து 22 ஆண்டாகக் கணக்கிட்டு 4,714 ரூபாய். விலைவாசியோடு இது ஏறாது. ஆனாலும் ஆயுள் முழுவதும் வரும். உறுப்பினர் இறந்தால் வாழ்க்கைத் துணைக்கும் குறிப்பிட்ட வயதுவரை பிள்ளைகளுக்கும் வரும். வேலை இல்லாத இடைவெளி நீண்டால் அதே படிவத்தில் பணத்துக்குப் பதிலாக ‘ஸ்கீம் சர்டிபிகேட்’ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் உங்கள் பணி ஆண்டுகள் பதிவாகியிருக்கும்.

மாற்றும் வேலை: படிப்படியாக

2014 முதல் ஒவ்வோர் உறுப்பினருக்கும் 12 இலக்க யு.ஏ.என். எண் ஒன்று தரப்படுகிறது. வேலை எத்தனை மாறினாலும் இந்த எண் மாறாது. அதன் கீழே நிறுவனத்துக்கு ஒரு கணக்கு எண் சேர்ந்துகொண்டே போகும்.

1. பழைய நிறுவனத்தை விட்டு வரும் முன் வைப்பு நிதி நிறுவனத்தின் உறுப்பினர் இணையதளத்தில் உங்கள் கே.ஒய்.சி. சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றும் சரிபார்க்கப்பட்டதாகக் காட்ட வேண்டும். நிறுவனம் கொடுத்த போன் எண்ணில் பதிவு செய்திருந்தால் உடனே சொந்த எண்ணுக்கு மாற்றுங்கள். சிம்மைத் திருப்பிக் கொடுத்த பிறகு ஓ.டி.பி. வராது.

2. புதிய இடத்தில் சேரும்போது எச்.ஆர். தரும் படிவம் 11-இல் பழைய யு.ஏ.என். எண்ணை எழுதுங்கள். ‘முதல் முறை’ என்று குறித்துவிட்டால் இரண்டாவது எண் உருவாகும் வாய்ப்பு உண்டு.

3. பழைய நிறுவனம் உங்கள் கடைசி வேலை நாளைப் பதிவேற்றியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கடைசிச் சந்தா வந்த இரண்டு மாதத்துக்குப் பிறகு இணையதளத்தில் நீங்களே குறிக்கலாம். புதிய வேலையில் சேர்ந்த தேதிக்குப் பிந்திய நாளைத் தவறிக் குறித்தால் இரண்டு பணிக்காலமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மாற்றுக் கோரிக்கையில் சிக்கல் வரலாம்.

4. ஆதார் இணைந்த கணக்குகள் பல தானாகவே மாறிவிடும். மாறவில்லையென்றால் ஆன்லைனில் படிவம் 13 கோரிக்கை போடுங்கள். 2025 ஜனவரியிலிருந்து பெரும்பாலான மாற்றங்களுக்கு நிறுவனத்தின் ஒப்புதல் தேவையில்லை.

5. மாற்றம் முடிந்ததும் புதிய பாஸ்புக்கில் பணம் வந்திருக்கிறதா, பென்ஷன் பணிக்காலமும் சேர்ந்து வந்திருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். பணத்தைப் பார்த்துவிட்டுப் பணிக்காலத்தை மறந்துவிடுவது வழக்கம்.

சில பெரிய நிறுவனங்கள் பி.எஃப். பணத்தைச் சொந்த அறக்கட்டளை மூலம் நிர்வகிக்கின்றன. அங்கிருந்து மாற்றும்போது ‘அனெக்ஸர் கே’ என்ற பணிக்கால, தொகை விவரத் தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனிஷியல் தொல்லை

தமிழ்நாட்டில் பி.எஃப். கோரிக்கைகள் தடைபடுவதற்கு நம் பெயர் எழுதும் வழக்கமும் ஒரு காரணம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்கு முன்னால் இருக்கும். ஆதாரில் பின்னால் போயிருக்கும். பான் கார்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பாவின் முழுப்பெயராகி, ‘சர்நேம்’ இடத்தில் உட்கார்ந்திருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். கணினிக்கு மூன்று பேர்.

ஆதாரில் இருப்பதையே அடிப்படையாக வைத்து மற்றதைத் திருத்துங்கள். 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு வழங்கப்பட்டு, ஆதாரால் சரிபார்க்கப்பட்ட யு.ஏ.என். என்றால் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் முதலியவற்றை இணையதளத்தில் நீங்களே திருத்திக்கொள்ளலாம். அதற்கு முந்தையது என்றால் நிறுவனத்தோடு சேர்ந்து ‘ஜாயிண்ட் டிக்ளரேஷன்’ தரவேண்டும். நிறுவனம் மூடிவிட்டால் இந்த வேலை பல மடங்கு கடினமாகும். எனவே வேலையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

பிரவுசிங் சென்டரிலோ கமிஷன் ஏஜெண்டிடமோ இந்த வேலையைக் கொடுத்தால், பாஸ்வேர்டையும் ஓ.டி.பி-யையும் சேர்த்தே கொடுக்கவேண்டி வரும். லட்சக்கணக்கில் பணம் இருக்கும் கணக்கின் சாவி அது. உதவி கேளுங்கள், சாவியைக் கொடுக்காதீர்கள்.

உடையாமல் இருக்க ஒரு தனிப் பணம்

பி.எஃப்-ஐ உடைப்பவர்களில் பலர் ஊதாரிகள் அல்ல. இரண்டு வேலைக்கு நடுவில் கையில் பணம் இல்லாதவர்கள். ஆகவே, பி.எஃப்-ஐக் காப்பாற்றும் வேலை பி.எஃப். கணக்குக்கு வெளியே தொடங்குகிறது.

வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், இ.எம்.ஐ., பெற்றோருக்கு அனுப்புவது ஆகிய கட்டாயச் செலவுகளை மட்டும் கூட்டுங்கள். அதைப்போல் மூன்று மாதத் தொகையை முதலில் சேருங்கள். ஒரே வருமானத்தில் ஓடும் குடும்பம் என்றால் ஆறு மாதம். இதில் ஒரு மாதச் செலவு சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். மீதி, வேண்டும்போது உடைக்கக்கூடிய ஃபிக்ஸட் டெபாசிட்டில் இருக்கட்டும். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான வைப்புக்குக் காப்பீடு உண்டு. அதிக வட்டிக்கு ஆசைப்பட்டு இந்தப் பணத்தைத் தனியார் நிதி நிறுவனத்தில் போடவேண்டாம். நிதி நிறுவனங்களில் பணத்தைப் பறிகொடுத்தவர்களுக்காகத் தமிழ்நாடு 1997-இலேயே தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

எடுக்கும் விதிகளும் இறுகி வருகின்றன. வேலை இழந்தவர் முழுப் பி.எஃப். பணத்தையும் எடுப்பதற்கான காத்திருப்பை 2 மாதத்திலிருந்து 12 மாதமாகவும், பென்ஷன் பணத்துக்கு 36 மாதமாகவும் உயர்த்த, பி.எஃப்-ஐ நிர்வகிக்கும் மத்திய அறங்காவலர் குழு 2025 அக்டோபரில் முடிவெடுத்தது. கணக்கில் 25 சதவீதத்தை எப்போதும் இருப்பாக வைத்திருக்கவேண்டும் என்பதும், பகுதி எடுப்புக்கான 13 பிரிவுகளை மூன்றாகச் சுருக்குவதும் அதே முடிவில் வந்தவை. எடுக்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால் அன்றைய விதியை இணையதளத்தில் படித்துவிட்டு, முழுதாக எடுக்காமல் தேவையான பகுதியை மட்டும் கேளுங்கள்.

பி.எஃப்-க்குப் பக்கத்தில் என்ன வேண்டும்?

விலைவாசியைக் கழித்தால் பி.எஃப். மெதுவாகத்தான் வளரும் என்று பார்த்தோம். நீண்டகாலத்தில் அதைவிட வேகமாக வளரும் வாய்ப்பு பங்குகளுக்கு இருக்கிறது. விழும் வாய்ப்பும் இருக்கிறது. 2008 ஜனவரியில் 21,000 வரை போன சென்செக்ஸ் அந்த அக்டோபரில் 9,000-க்கும் கீழே வந்தது. திரும்ப 21,000-ஐத் தொட 2010 நவம்பர் ஆனது. 2020 மார்ச் 23 அன்று 26,000-க்குக் கீழே முடிந்தது. அதே ஆண்டு முடிவில் 47,000-ஐத் தாண்டியிருந்தது. எவ்வளவு காலம் கீழே கிடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. அதனால்தான் பத்து ஆண்டுக்குள் தேவைப்படாத பணம் மட்டும் அங்கே போகவேண்டும்.

பி.எஃப். வைத்திருப்பவருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. கடன் சார்ந்த, ஏற்ற இறக்கம் இல்லாத பகுதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. 35 வயதில் ஒருவருக்குப் பி.எஃப்-இல் 12 லட்சமும் பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டில் 3 லட்சமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 15 லட்சத்தில் பங்கு 20 சதவீதம்தான். பாதிக்குப் பாதி வேண்டும் என்றால் பி.எஃப்-ஐத் தொட வேண்டியதில்லை. மாதச் சேமிப்பில் புதிதாகப் போடுவதை எல்லாம் எஸ்.ஐ.பி. என்ற மாதத் தவணை முதலீட்டின் வழியாகப் பங்குக்குத் திருப்பினால் சில ஆண்டுகளில் சமநிலை வரும்.

தொடங்குபவர்களுக்கு நிஃப்டி 50 போன்ற குறியீட்டைப் பின்தொடரும் ஓர் இண்டெக்ஸ் ஃபண்ட் போதும். 2013 ஜனவரி முதல் எல்லாத் திட்டங்களிலும் கமிஷன் இல்லாத ‘டைரக்ட்’ வகை இருக்கிறது. மாதம் 10,000 ரூபாய் வீதம் 25 ஆண்டு போடும் கணக்கில், 12 சதவீத வளர்ச்சிக்குச் சுமார் 1.90 கோடி வரும். 11 சதவீதத்துக்கு 1.59 கோடி. இந்த விகிதங்கள் யாரும் தரும் உறுதிமொழி அல்ல. ஆனால் செலவில் போகும் ஒரு சதவீதம் எவ்வளவு பெரிது என்பதை அந்த 31 லட்ச வித்தியாசம் காட்டுகிறது.

ஏற்ற இறக்கமே வேண்டாம், இன்னும் கொஞ்சம் பாதுகாப்பாகச் சேர்க்கவேண்டும் என்றால் வி.பி.எஃப். இருக்கிறது. 12 சதவீதத்துக்கு மேலும் உங்கள் பங்கை விரும்பியபடி உயர்த்தலாம், அதே வட்டி. உங்கள் பங்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் தாண்டிய பகுதியின் வட்டிக்கு 2021 ஏப்ரல் முதல் வரி உண்டு. அந்த வரம்புக்குள் நிற்கும்வரை, 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதத்தில் நிற்கும் பொது வருங்கால வைப்பு நிதியான பி.பி.எஃப்-ஐவிட இது மேல். வேலையை விட்டவருக்கும் சொந்தத் தொழிலுக்குப் போகிறவருக்கும் பி.பி.எஃப். கைகொடுக்கும், ஏனென்றால் அதற்கு முதலாளி தேவையில்லை.

புதிய ஆஃபரில் கையெழுத்திடும் முன்

சி.டி.சி. என்று காட்டும் தொகைக்குள் நிறுவனத்தின் பி.எஃப். பங்கும் அடங்கியிருக்கும். சில நிறுவனங்கள் முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் 12 சதவீதம் போடும். சில 15,000-க்கு மட்டும் கணக்கிட்டு 1,800 ரூபாயோடு நிறுத்தும். தேர்வு உங்களிடம் விடப்பட்டால் முழுச் சம்பளத்துக்கும் கேளுங்கள். ‘டேக் ஹோம்’ கொஞ்சம் குறையும். குறைந்த சம்பளத்துக்கு ஏற்ற வாழ்க்கை முதல் மாதத்திலேயே பழகிவிடும். கடன் சுமை கழுத்தை நெரித்தால் மட்டும் 1,800-ஐத் தேர்ந்தெடுத்து, மிச்சத்தைக் கடனுக்குத் திருப்புங்கள்.

வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்கப் பி.எஃப்-ஐ எடுக்கலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. உங்கள் கடன் வட்டியையும் பி.எஃப். வட்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் அரை சதவீதம்போலச் சிறிதாக இருந்தால் எடுப்பதில் லாபம் இல்லை. போனஸையும் சம்பள உயர்வையும் கடனுக்குக் கொடுங்கள்.

இந்த வாரத்தில் முடிக்க வேண்டியவை

- யு.ஏ.என். எண்ணைக் கொண்டு பாஸ்புக்கைத் திறந்து, எத்தனை நிறுவனக் கணக்குகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். மாறாமல் கிடக்கும் பழைய கணக்குக்கு மாற்றுக் கோரிக்கை போடுங்கள்.

- ஒரு மாதச் சந்தாவை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் நிறுவனம் கட்டவேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்திருக்கிறார்கள், பாஸ்புக்கில் வரவில்லை என்றால் எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் வைப்பு நிதி நிறுவனத்தின் குறைதீர் தளத்தில் சம்பளச் சீட்டோடு புகார் செய்யுங்கள்.

- நாமினியைப் பாருங்கள். குடும்பம் இல்லாத நிலையில் செய்த நியமனம், திருமணமானதும் செல்லாது; புதிதாகப் பதியவேண்டும். வேலையில் இருக்கும்போது உறுப்பினர் இறந்தால், இந்தக் கணக்கோடு இணைந்த காப்பீட்டில் அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும். அதற்கு உங்களிடம் தனிப் பிடித்தம் இல்லை. இந்த 7 லட்சத்தை நம்பி டேர்ம் இன்ஷூரன்ஸைத் தள்ளிப்போடாதீர்கள்.

- யு.ஏ.என். எண், நாமினி விவரம், ஃபண்ட் விவரம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, வீட்டில் ஒருவருக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். பாஸ்வேர்டு அதில் வேண்டாம்.

- மூன்று மாதச் செலவுப் பணம் தனியாக இல்லையென்றால் அதற்கு ஒரு ரெக்கரிங் டெபாசிட்டைத் தொடங்குங்கள். சம்பளம் விழும் நாளுக்கு மறுநாள் பிடிக்கும்படி தேதியைக் குறியுங்கள். அது நிரம்பும்வரை புதிய எஸ்.ஐ.பி. வேண்டாம், நிரம்பியதும் அதே தொகையை எஸ்.ஐ.பி-க்கு மாற்றிவிடுங்கள்.